பல்லில் ஏறிய பாறை

கலைக்கல்லூரிக் கலந்தாய்வில்
என் முறை வந்தபோது மிச்சமிருந்தவை இரண்டு:
தத்துவம், நிலவியல்.
பூகோளம்தான் போல என்று கையெழுத்துப் போட்டேன்.
"நிலாவைப் பத்தின படிப்பா?" என்றார்
தக்காளி மண்டியில் கணக்கெழுதும் அப்பா.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி,
தருமபுரியிலிருந்து சேலம்.
தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்த நாட்களில்
பேருந்து நின்றேவிடும்.
சன்னலுக்கு வெளியே சாலைக்காக அறுபட்ட மலை.
முதலாண்டில் அது பாறை.
இரண்டாமாண்டில் வரிவரியாய் நைஸ்;
எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்வு என்று
உள்ளங்கையைச் சாய்த்து அளந்துகொண்டிருந்தேன்.
யாருக்கோ சைகை காட்டுகிறேன் என்று
பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த ஆண்டுதான்
மயிரிழையைவிட மெல்லிதாய்ச் சீவிய கல்லை
நுண்ணோக்கியில் வைத்தோம்.
தட்டைத் திருப்பத் திருப்ப
வைக்கோல் நிறம், தேன் நிறம், பிறகு அடர்பழுப்பு.
பயோட்டைட், குறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
நான் நாக்கால் முன்பல்லைத் தடவினேன்.
இதே பழுப்பு.
இதற்குள்ளிருந்தும்தான் கசிகிறதாம் புளோரைடு
எங்கள் கிணற்றுக்கு.
பள்ளி அடையாள அட்டை முதல் தேர்வு நுழைவுச்சீட்டு வரை
வாய் மூடியே எடுத்த முகம்
பாடத்துக்கு எடுத்துக்காட்டாய்
மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.
யாருக்கும் தெரியாது.
ஷப்ரினுக்கு மட்டும் தெரியும். அவள் பென்னாகரம்.

இதைப் படித்து என்ன ஆவீர்கள் என்று
கேட்காத கல்யாண வீடு இல்லை.
முனிராஜ் கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் இருக்கிறான்.
அறுத்த கல்மேல் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்;
எல்லாம் காய்ந்த பின்னும்
ஈரமாய் நிற்கும் கோடுதான் விரிசல்.
கோடு தெரிந்துவிட்டால்
இத்தாலிக்குக் கப்பலேற வேண்டியது ஜல்லியாகும்.
ஷப்ரின் ஓசூரில் குளிரறைக்குள்
பார்த்தேயிராத நாட்டின் வாய்க்கால்களுக்கு
நீலம் தீட்டுகிறாள்.
தீர்த்தகிரி நடுக்கடலில், எண்ணெய்த் துளையிலிருந்து
ஏறிவரும் சேற்றை அள்ளிப் பார்க்கிறான்.
கரை இறங்கினால் தரை ஆடுகிறது என்பான்;
சம்பளம் ஆடுவதில்லை.
கோவிந்தம்மாள் அரசுத் தேர்வை
நான்காம் முறை எழுதப் போகிறாள்.

மாதையன் சொந்தத் தொழில்.
நான்கு இரும்புக்கம்பி, வயர்ச் சுருள்,
மின்தடை அளக்கும் பெட்டி. அப்புறம் ஒரு தேங்காய்.
"பெட்டி எனக்கு. தேங்காய் காட்டுக்காரருக்கு."
இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால்
ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கும்.

நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்றார்கள்.
பூமிமேல் தீராத ஆர்வம் என்றேன்,
உதடு அதிகம் பிரியாமல்.
பதினோரு மாத ஒப்பந்தம்.
ஒரு ஜீப், இருநூறு புட்டி, ஒரு படிவம்.

நல்லம்பள்ளி தாண்டி ஒரு காடு.
மாதையன் குறித்துக் கொடுத்த புள்ளி.
எண்ணூற்று நாற்பது அடியில் பீய்ச்சியதாம்;
குழாய்க் கழுத்தில்
பூசை மாலை இன்னும் வாடவில்லை.
சோதனைக் குழாயில் ஊற்றினேன்.
இளஞ்சிவப்பு மஞ்சளாக
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
ஒன்றரை தாண்டக் கூடாது. மூன்று புள்ளி எட்டு.

தண்ணீர் இல்லை என்று சொல்லப் பழகலாம்.
இருக்கிறது, ஆனால், என்று எப்படிச் சொல்வது?
"கண்ணாடியாட்டம் இருக்குதே" என்றார் தங்காயி,
நகையை அடகு வைத்துத் துளை போட்டவர்.
பிளவு, படுகை, சிதைவடுக்கு:
எத்தனையோ கலைச்சொற்கள் இருந்தன என்னிடம்.
ஒன்றும் வரவில்லை.
வாயைத் திறந்து
பல்லைக் காட்டினேன்.

வட்டிக்கடைக்காரர் உரசிப் பார்ப்பது போல
நெருங்கி வந்து பார்த்தார்.
இடுப்பிலிருந்த பிள்ளையின் வாயைத் திறந்தும் பார்த்தார்.
இன்னும் பால்பல்.

"துணி தொவைக்கலாமில்ல?"
"தொவைக்கலாம்."
குறிப்புகள் என்ற கட்டத்தில்
அதை எழுதினேன்.

ஜீப்பிலிருந்து மாதையனை அழைத்தேன்.
"தண்ணி இருக்குதுன்னுதான நான் சொன்னேன்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"எவ்ளோ?" என்றான்.